ப்ரொப்பெல்லர் மாற்றிய காரணம்

சேலம்
ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

கயல்விழி எழுதுகிறேன். அம்மாவும் நானும் இங்கே சௌகரியமாக இருக்கிறோம். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். உங்கள் கேம்ப்பில் சிக்னல் வரும் நேரத்தில் நான் ரிப்பேர் வேலையாக ஏதாவது ஒரு விமானத்துக்கு அடியில் படுத்திருக்கிறேன். கிடைத்தாலும் பாதிப் பேச்சில் அறுந்துபோகிறது. திருச்செங்கோட்டுப் பிரபா அடுத்த வாரம் போர்வெல் ரிக் வேலைக்கு ஜாம்பியா வருகிறாராம். அவரிடமே இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே அம்மா இடித்த பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் வரும்.

அம்மாவுக்கு இடது கண்ணிலும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடும்போதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொள்கிறார். தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் முதலில் உங்களைத்தான் பார்க்க வேண்டுமாம். அண்ணன் தன் விமானத்தை விற்றுக் கடனை அடைத்தால்தான் அங்கே ரிக்கை ஒப்படைத்துவிட்டு வர முடியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் நான் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள், ஏரோப்ளேன் வித்துப்போச்சா என்று கேட்கிறார்.

இனி அந்த விஷயம். விமானம் வாங்க வருவதாக நீங்கள் சொன்ன ஆட்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். யாரோ பெரிய முதலாளி என்று எண்ணியிருந்தேன். வந்தவள் நாமகிரிப்பேட்டைப் பெண், தனப்பிரியா. அப்பா மஞ்சள் வியாபாரம். பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள். கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து பழைய சின்ன விமானம் ஒன்று வாங்கினால், பறந்த மணிநேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், கம்பெனிகளில் கூப்பிடுவார்கள் என்பது அவர்கள் யோசனை. மூன்று குடும்பமும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதில் இறங்கியிருக்கின்றன என்பது பேச்சிலேயே தெரிந்தது.

பழைய லாரி வாங்க வருகிறவர்கள் பெயிண்டைத் தடவுவார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். இவள் விமானத்தின் பக்கமே போகவில்லை. ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, லாக் புக்கை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு, புத்தகத்தில் இருக்கும் நம்பரும் இன்ஜினில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்தாள். உங்களுக்கு முன்னால் வைத்திருந்த நாக்பூர்க்காரரைத் தேடிப் பிடித்து ஏற்கெனவே பேசிவிட்டாளாம். எங்கே நின்றது, மழையில் நனைந்ததா, யார் யார் ஓட்டினார்கள், யார் ரிப்பேர் பார்த்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நான் உரிமையாளரின் தங்கை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வேறு இன்ஜினியரை வைத்துப் பார்ப்பதுதான் உனக்கு நல்லது என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். அவரும் வருவாருங்க அக்கா, ஆனா அவரு ஒரு நாள் பாத்துட்டுப் போயிருவாரு, நீங்க ஊட்டு ஆளு என்றாள். நீங்கள் பறந்துகொண்டிருந்த காலத்தில் நான் ஹைதராபாத்தில் இருந்தேன், இந்த விமானத்தை நான் கழற்றிப் பார்த்ததே இல்லை என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. அவள் நம்பியது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் நின்றாள். ப்ரொப்பெல்லர் மாற்றியதாக எழுதியிருக்கிறது, காரணம் தேய்மானம் என்று போட்டிருக்கிறது. பழைய ப்ரொப்பெல்லர் அதிகம் ஓடியிருக்கவே இல்லை. இவ்வளவு சீக்கிரம் எப்படித் தேய்ந்தது என்று கேட்டாள். அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் ஆசி எப்போதும் உங்களுக்கு உண்டு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
கயல்


சேலம்
ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். சிக்னல் கிடைக்கும்போது வந்து சேரட்டும். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் பேசி அனுப்பியதைக் கேட்டேன். கல்லு அடிச்சிருச்சு கயலு, சின்ன விஷயம், நல்லபடியா முடிச்சுக் குடு, ஆவணிக்குள்ள ஊடு வந்து சேர்ந்தர்றேன் என்று சொல்லியிருந்தீர்கள். அதை அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். கல்லைப் பற்றி அவருக்கு என்ன தெரியும். ஆவணி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, இன்னொருக்கா போடு சாமி என்றார். எத்தனை முறை போட்டேன் என்று தெரியவில்லை.

கல் என்று எழுதிக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று, இன்ஜினுக்கும் பைலட் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் இரும்புத் தகட்டை மூடியிருந்த விரிப்பைப் பிரித்தேன். ஏன் பிரித்தேன் என்று அதற்குப் பிறகு பலமுறை என்னையே திட்டிக்கொண்டேன். தகடு ஒரு மூலையில் துணி மாதிரி மடிந்து, தட்டி நிமிர்த்தப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு ஒட்டு. ஒட்டில் அடித்திருந்த ரிவெட் ஆணி விமானத்துக்கு அடிக்கிற ரிவெட் இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் அடிப்பது. நாமக்கல்லில் பள்ளிக்கூடம் படித்தவள் நான், எனக்கு அது தெரியாதா.

முன்சக்கரம் தரையில் குத்தினால்தான் அந்தத் தகடு அப்படி மடியும். முன்சக்கரம் குத்தினால் ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லர் தரையில் அடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் இன்ஜினுக்குள் இருக்கும் கிராங்க் ஷாஃப்டுக்குப் போகும். வெளியே எதுவும் தெரியாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பிரிக்காமல் பறந்தால் அது என்றைக்கு ஒடியும், எங்கே ஒடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது உங்களுக்கும் தெரியும். உங்களுக்குப் பறக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லியிருப்பார்கள்.

நாமக்கல் போனேன். ரிங் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அன்பழகன் உங்கள் சிநேகிதர் என்பதால் அவரிடம்தான் முதலில் விசாரித்தேன். அவர் மறைக்கவில்லை. பெல்லாரிப் பக்கம் ரிக் ஓடிக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு தனியார் ஓடுதளத்தில் இறங்கும்போது குத்திவிட்டது என்றும், நீங்கள் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போய் தட்டி நிமிர்த்த வைத்தீர்கள் என்றும் சொன்னார். அண்ணன் சொன்னாருங்க, செஞ்சு குடுத்தனுங்க, ஏரோப்ளேனைப் பத்தி எனக்கென்ன தெரியுமுங்க என்று கையைப் பிசைந்தார். எப்போது என்று கேட்டேன். மார்கழிக் கடைசி, பொங்கலுக்கு முன்னால் என்றார். அதற்குமேல் அங்கே நின்று டீ குடிக்க என்னால் முடியவில்லை.

அண்ணா, அந்தப் பொங்கலுக்குத்தான் நீங்கள் அம்மாவை விமானத்தில் ஏற்றினீர்கள்.

அப்போது எடுத்து அனுப்பிய வீடியோவை நான் ஹைதராபாத்தில் எல்லோருக்கும் காட்டினேன். பச்சைப் பட்டுப் புடவையில், காதில் அவ்வளவு பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நம் ஊர் வெண்ணந்தூருக்கு மேலே சுற்றும்போது அம்மா நம் காடு தோட்டத்தைத் தேடிக்கொண்டே இருப்பார். எங்கடா நம்ம ஊடு, எங்கடா நம்ம ஊடு என்று கேட்பார். நீங்கள் இறக்கையைச் சாய்த்துக் காட்டுவீர்கள். தெரிஞ்சுருச்சு சாமி என்பார். சொந்தக்காரர்கள் யாரும் செய்யாததை என் பையன் செய்தான் என்று இன்றைக்கும் காய்கறிக்காரம்மா வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று அந்த இன்ஜினுக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. பட்டறையிலிருந்து வந்த பிறகு தனப்பிரியா போன் செய்தாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். வேறு இன்ஜினியர் வந்து பார்க்கப்போகிறார், அவர் கண்ணில் பட்டால் படட்டும், படாவிட்டால் விதி என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விரிப்பைத் திரும்ப ஒட்டியும் விட்டேன். ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா, ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு என்கிறார்.

அவள் நேரிலேயே வந்துவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்து ஒன்றுதான் கேட்டாள்.

“அக்கா, இது உங்க அண்ணனோடதுன்னு நெனைக்காதீங்க. நாளைக்கு இதுல உங்க ஊட்டு ஆளு ஏறுதுன்னு நெனச்சுக்கங்க. ஏறச் சொல்லுவீங்களா?”

இருந்ததைச் சொல்லிவிட்டேன். தகட்டைக் காட்டினேன். அம்மா ஏறியதை மட்டும் சொல்லவில்லை. அவள் கோபப்படவில்லை, உங்களைத் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. விமானத்தின் இறக்கையை ஒரு முறை தடவிக்கொடுத்தாள். அப்புறம், சரிங்க அக்கா, வாரேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது அழுதாளோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை.

சொன்ன பிறகு மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அப்பா இறந்த வருடம், பொட்டப்புள்ளைக்கு ஏரோப்ளேன் மெக்கானிக் படிப்பு எதுக்கு என்று சித்தப்பாக்கள் எல்லோரும் சேர்ந்து பேசியபோது, அவ படிக்கட்டும், யாருக்கு என்ன போச்சு என்று எழுந்து நின்றது நீங்கள். சென்னைக்கு ரயிலேற்றிவிடாமல் கூடவே வந்து, ஹாஸ்டலில் பக்கெட்டும் மக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு நீங்கள் ஊருக்கு வரும் வழியை அடைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஊரில் இருக்கும் அண்ணியிடம் நான் போனில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. விற்காமல் போனது என்னால்தான் என்று மட்டும் புரிந்துகொண்டார். ஏன் என்று கேட்டார். விமானத்தில் கோளாறு என்றேன். என்ன கோளாறு, நானே அதுல போயிட்டு வந்தனே என்றார். சொட்டு மருந்தை எடுக்கப் போனேன்.

“உங்க அண்ணன் ஊடு வாரதுக்கு நீயே குறுக்க நின்னுட்டியேடா கண்ணு” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மறுநாள் பையை எடுத்துக்கொண்டு வெண்ணந்தூருக்கு, அண்ணியிடம் போய்விட்டார். சொட்டு மருந்து இன்னும் கொஞ்ச நாள் விட வேண்டும். அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இன்ஜினைப் பிரித்துப் பார்க்கச் சம்மதம் கொடுங்கள். உரிமையாளர் நீங்கள், நீங்கள் சொல்லாமல் நான் தொடக்கூடாது. செலவைப் பற்றி நினைக்க வேண்டாம். கோபம் இருந்தால் திட்டுங்கள், ஆனால் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை
கயல்


சேலம்
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று பிரபா சொன்னார். அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். இங்கே நல்ல மழை. ஏற்காட்டு மலை தெரிவதே இல்லை.

முதலில் நீங்கள் அனுப்பிய பதிலைக் கேட்டேன். ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிற ஆளு இருக்காங்க, ரிசார்ட் வெச்சிருக்கறவரு, நீ வாயை மூடிட்டிருந்தாப் போதும் என்று சொல்லியிருந்தீர்கள். ரிசார்ட்டுக்கு வருகிறவர்களைக் குழந்தை குட்டிகளோடு ஏற்றி, மலையைச் சுற்றிக் காட்டத்தான் அவருக்கு விமானம் வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. அன்றைக்கே ப்ரொப்பெல்லரில் சிவப்பு அட்டையைக் கட்டினேன். பிரித்துப் பார்க்காமல் பறக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உங்களுக்கு எதிராக நான் போட்ட கையெழுத்து அது.

அதற்குப் பிறகு நீங்கள் அமைதியாகிவிட்டீர்கள். இனி என்னோடு பேசமாட்டீர்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்புறம்தான் அந்த இரண்டாவது பதில் வந்தது. அதை நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

“பிரிச்சுப் பாரு கயலு. அன்னிக்கு அம்மாவை இறக்கி உட்டதுக்கு அப்புறம் நான் அதுல ஏறவே இல்லை. அம்மாவோட திரும்பி வரும்போது இன்ஜின் சத்தம் மாறின மாதிரி இருந்துச்சு. நெசமா மாறுச்சா, என் பயமான்னு தெரியலை. அம்மா சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க.”

ரிக் தொழில் படுத்ததால்தான் நீங்கள் பறப்பதை விட்டுவிட்டீர்கள் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தோம். இதை யாரிடமும் சொல்லாமல் ஒருத்தராகச் சுமந்துகொண்டு, கண்டம் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நீதிபதி மாதிரி எழுதிய அந்தக் கடிதத்தை இப்போது கிழித்துவிடத் தோன்றுகிறது. அதில் எழுதியது பொய் இல்லை. ஆனால் கேட்ட விதம் தப்பு. அவ்வளவு சத்தமாகக் கேட்காமல், என்ன ஆச்சு அண்ணா என்று கேட்டிருக்கலாம்.

இன்ஜினைப் பெங்களூருவில் ஒரு பணிமனைக்கு அனுப்பினேன். பிரிக்கும்போது நானும் போய் நின்றேன். கிராங்க் ஷாஃப்டை வெளியே எடுத்து, கழுவி, காந்தம் ஏற்றி, இரும்புப் பொடி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் பொடி அதில் கோடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவர்கள் விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. கீறல் இருந்தால் நான் செய்தது சரி. இருந்தால் அம்மா அன்று பிழைத்தது அதிர்ஷ்டம். இரண்டும் ஒன்றாக வேண்டாமே என்று மட்டும் இருந்தது.

கீறல் இல்லை அண்ணா. ஷாஃப்ட் சுத்தமாக இருக்கிறது. உள்ளே எதுவும் கெடவில்லை.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், நல்ல சேதிதானே மேடம் என்றார். நல்ல சேதிதான். அம்மாவை நீங்கள் ஆபத்தில் ஏற்றவில்லை. ஆனால் ஏற்றியபோது அது உங்களுக்குத் தெரியாது. அதை நான் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை, உங்களால் மறக்க முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நானும் அப்படித்தான். ஒன்றுமில்லாத ஒன்றுக்காக உங்களை இத்தனை மாதம் அங்கே நிறுத்திவைத்தேனா என்று பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஓசூர் தாண்டியும் கேள்வி தீரவில்லை. தொப்பூர் கணவாய் இறங்கும்போது ஒன்று தோன்றியது. ஒன்றுமில்லை என்பதும் பிரித்த பிறகுதானே தெரிந்தது.

தனப்பிரியாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொன்னேன். அவளோடு சேர்ந்திருந்த ஒருவன் துபாயில் வேலைக்குப் போய்விட்டானாம். மற்றவன் தயங்குகிறான். முடிவு எதுவும் சொல்ல முடியலீங்க அக்கா என்றாள். அந்தத் தகட்டை முறையாக மாற்றி, பெல்லாரியில் நடந்ததையும் பிரித்துப் பார்த்ததையும் லாக் புக்கில் உள்ளபடி எழுதினால், எத்தனை மாதம் கழித்து விற்பதானாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள். தகட்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன். எழுதவும் போகிறேன். விலை குறையும். அவள் வாங்குவாளா, வேறு யாராவது வருவார்களா, தெரியாது. ஆவணி பிறந்துவிட்டது, என்னால் ஆவணிக்குள் முடிக்க முடியவில்லை.

நேற்று வெண்ணந்தூர் போயிருந்தேன். அண்ணி நல்லபடியாக இருக்கிறார். அம்மாவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. ஊசியில் நூல் கோர்க்கிறார். எனக்குச் சோறு போட்டார், சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை. கிளம்பும்போது, உங்க அண்ணன் ஏதாச்சும் சொன்னானா என்று மட்டும் கேட்டார். வாரேன்னு சொன்னாரு என்றேன். நீங்கள் சொல்லாததை நான் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொங்கலைப் பற்றி அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு உயரத்துக்குப் போன நாள் அது ஒன்றுதான். அதை அவரிடமிருந்து எடுக்க எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. குறுக்கே நின்றவள் நான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். எனக்குப் பழகிவிடும்.

ஆனால் அண்ணா, விமானம் விற்கட்டும், விற்காமல் போகட்டும். ரிக்கை அங்கே யாரிடமாவது பொறுப்பாக ஒப்படைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டாவது வந்துவிடுங்கள். வாசலில் வந்து நின்றால் அம்மா எதுவும் கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

என்றும் உங்கள் தங்கை,
கயல்